குண்டின் பெயரும் குழலின் தீர்ப்பும்

இங்கிலாந்தில் ஸரே மாவட்டத்து பிஸ்லி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடக்கும் ராஜ பரிசுப் போட்டியின் இறுதிச் சுற்றில், முந்தைய சுற்றுகளைக் கடந்து வந்த நூறு பேர் தரையில் படுத்து, தொலைநோக்கி எதுவுமின்றி, சிறு துளை வழியாகவே குறி பார்த்து, 900 கஜத்திலும் 1000 கஜத்திலும் பதினைந்து பதினைந்து முறை சுடுகிறார்கள். 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி முதல் வேட்டைச் சுட்டுத் தொடங்கி வைத்த, 1890 முதல் பிஸ்லியில் நடந்துவரும் இந்தப் பழம்பெரும் பந்தயத்தில், சுடுகிறவருடைய மூச்சின் நிதானத்தையும் காற்றை மதிப்பிடும் புத்திகூர்மையையும் பற்றி ஏராளமாகப் பேசுகிறோம். அவர் கையைவிட்டுப் பறந்துபோகும் அந்தப் பத்து கிராம் எடையுள்ள குண்டைப் பற்றிப் பேசுவது குறைவு.

பிஸ்லியில் இத்தகைய போட்டிகளுக்கு எல்லோருக்கும் ஒரே வகைத் தோட்டாவை நிர்வாகமே வழங்குவது நெடுநாளைய மரபு. ஆகவே அங்கே குண்டுக்கு ஏற்றவாறு குழலை அமைத்துக்கொள்வதே வீரரின் சாமர்த்தியம். தாமே தோட்டாவைத் தயாரித்துக்கொள்ள அனுமதியுள்ள பிற நாட்டுப் போட்டிகளிலோ, குழல் முன்பே கையில் இருக்க, அதற்கு இசைந்த குண்டைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டிலும் உண்மை ஒன்றே: எந்தக் குண்டும் தன்னளவில் சிறந்ததல்ல, இன்ன குழலில், இன்ன தூரத்துக்குச் சிறந்தது என்றுதான் சொல்ல முடியும்.

இதற்குச் சரியான திருஷ்டாந்தம் சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் எடைக் குண்டு. 300 மீட்டர் போட்டிகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட அது, அந்தத் தூரத்தில் பெற்ற கீர்த்தி சாமானியமானதன்று. 600 கஜம் வரையிலும் அதனைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அதே குண்டை 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியில் இட்டு 1000 கஜத்துக்கு அனுப்பினால், கடைசிப் பகுதியில் அதன் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கித் தணியும் தறுவாயில், தள்ளாடும் பம்பரத்தைப்போல் தலையசைக்கத் தொடங்கி, பலகையில் எங்கு விழும் என்று சொல்ல முடியாத நிலையை அடைகிறது. காரணம், அதன் அடிப்பகுதி சுமார் 13 பாகைச் சரிவில் சட்டென்று குறுகியிருப்பதுதான் என்பது நிபுணர்களின் முடிவு. அதே நிறுவனத்தின் 175 கிரெய்ன் குண்டு 9 பாகை அளவில் மெல்லக் குறுகுவதால், ஒலியின் எல்லையைக் கடந்து இறங்கும்போதும் நிலைகுலையாமல் போகிறது. 600 கஜத்தில் கண்ட வெற்றியை நம்பி 1000 கஜத்துக்குப் புறப்படுகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். துளை வழியாகக் குறி பார்க்கும் சர்வதேச நெடுந்தூரப் போட்டிகளின் விதிகள் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு 156 கிரெய்னுக்குக் குறைந்த குண்டையே அனுமதிப்பதால், அத்துறையினர் 155 கிரெய்ன் குண்டைக் கூடிய வேகத்தில் செலுத்தி, பலகையைத் தொடும்வரை அது ஒலியை முந்தியே செல்லும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இனிக் குண்டின் உள்ளமைப்பு. குழலின் உட்புறத்து முறுக்குவரி பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்தால், விநாடிக்கு 2800 அடி வேகத்தில் வெளிப்படும் குண்டு அந்த ஒரு விநாடியில் 2800 முறை சுழல்கிற கணக்கில் புறப்படுகிறது. இத்தனை வேகமான சுழற்சியில், ஈயக் கருவைச் சுற்றிய செப்புக் கவசம் ஒரு பக்கம் இழையளவு தடித்திருந்தாலும் போதும். எடையின் மையம் அச்சைவிட்டு விலகி, குழலை நீங்கும் கணத்திலேயே குண்டு பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். அமெரிக்க வைத்தியரான பிராங்கிளின் மான் என்பவர் இந்த விஷயத்தை வருஷக்கணக்கில் பரீட்சித்து 1909-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். குண்டின் மூக்கைச் சிதைத்தபோது நேர்ந்த பிழையைக் காட்டிலும் அடிப்பாகத்தைச் சிதைத்தபோது நேர்ந்த பிழை மிக அதிகம் என்று அவர் கண்டறிந்தது, இன்றைக்கும் குண்டு செய்வோருக்கு ஆதாரமான பாடம். போட்டிக் குண்டுகள் பலவும் நுனியில் சிறு துளையோடும் அடியில் மூடிய கவசத்தோடும் செய்யப்படுவது இந்தக் காரணத்தினால்தான்: கவசத்தை அடிமூடிய கிண்ணம்போல் அழுத்தி உருவாக்கி, ஈயத்தை முன்வாயிலாகச் செலுத்தினால் அடிப்பாகம் பழுதின்றி அமைகிறது.

குண்டுகளை நிறுத்துப் பார்த்து எடைவாரியாகப் பிரிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. தவறில்லை, ஆயினும் இன்றைய நல்ல தயாரிப்புகளில் எடை வேற்றுமை சொற்பமே. அடியிலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரையிலுள்ள நீளத்தைக் காலிப்பரில் அளந்து பிரிப்பது அதைவிடப் பயனுள்ளது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அளவைகளையெல்லாம் மிஞ்சிய பிரத்தியட்சப் பிரமாணம் சுட்டுப் பார்ப்பதுதான், அதிலும் போதுமான அளவு சுட்டுப் பார்ப்பது. ஐந்து குண்டுகள் ஒரே துளைபோல் விழுந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு உலகுக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. ஒரே குழலும் ஒரே பெட்டியும் இருந்தும், ஐந்து குண்டுகளின் பரவல் ஒரு முறைக்கு மறுமுறை இரட்டிப்பாவது அதிசயமன்று. அது வெறும் தற்செயல். பத்தாகச் சுட்டால் பரவல் சராசரியில் ஏறக்குறையக் கால்பங்கும், இருபதாகச் சுட்டால் ஏறக்குறைய அரைப்பங்கும் விரியும் என்பது கணிதம். போட்டியில் எண்ணப்படுவது ஐந்து அல்லவே! இருபதைச் சுட்டுக் கண்ட பரவலே குண்டின் மெய்யான யோக்கியதை.

இந்தியாவில் குண்டைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை வேறு உருவத்தில் நிற்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் சுடுவது சிறு .22 தோட்டா, அதில் குண்டை மட்டும் மாற்றுவதற்கில்லை, ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரான ஒரு லாட்டுக்கும் மறு லாட்டுக்கும் இடையேதான் தேர்வு. துப்பாக்கியை அசையாத பிடியில் பொருத்தி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து வாங்குகிறார்கள். பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டரே ஆகையால், இந்தச் சிரமம் வீண் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆகையால் குண்டு வாங்கப் புறப்படுகிற இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: நான்கைந்து பெயர்களில் சிறிது சிறிதாக வாங்கி, போட்டி நடக்கும் அதே தூரத்தில், ஒவ்வொன்றிலும் இருபது சுட்டு, உங்கள் குழல் ஏற்றதை மட்டும் ஒரே லாட்டில் பருவம் முழுவதற்கும் வாங்கி வைத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல குண்டானாலும், மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 1000 கஜத்தில் 155 கிரெய்ன் குண்டை ஏறத்தாழ எட்டு அடி தள்ளிவிடுகிறது. மிஞ்சும் காலத்தையும் காசையும் காற்றைக் காட்டும் கொடிகளைப் படிக்கக் கற்பதில் செலவிடுங்கள்.