மொசாம்பிக்கின் வயல்களில் திருச்சபை

போர் ஓய்ந்த நாடுகளில் மத அமைப்புகள் செய்யும் ஊர் முன்னேற்றப் பணியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். அரசு எட்டிப்பார்க்காத இடத்தில் பசியாற்றியவர்கள் இவர்களே என்பது ஒரு கட்சி. பசியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்பது மறு கட்சி. மொசாம்பிக்கின் கடந்த முப்பது ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே விஷயத்தின் ஓரத்தைத்தான் தொடுகின்றன. அங்கே உணவுப் பணியில் இறங்கிய கிறிஸ்தவ அமைப்புகள் இரு வகை. ஊரோடு இருக்கும் தேவாலயப் பங்கும் மறைமாவட்டமும் ஒரு வகை. வெளிநாட்டு அரசின் நிதியோடு சில ஆண்டு ஒப்பந்தத்தில் வந்துபோகும் தொண்டு நிறுவனம் இன்னொரு வகை. முன்னதன் நற்பெயரைப் பின்னது தன் கணக்கில் வரவு வைக்கிறது. பின்னதன் குறைகளுக்கு முன்னது பழி சுமக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரை எந்த மதிப்பீடும் உருப்படாது.

திருச்சபையின் நற்பெயர் தொடக்கத்திலிருந்தே இருந்ததும் இல்லை, சும்மா வந்ததும் இல்லை. போர்த்துக்கீசிய ஆட்சியோடு 1940 முதல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இயங்கியது அங்கிருந்த கத்தோலிக்கத் திருச்சபை. அதனால்தான் 1975இல் விடுதலை வந்ததும் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் அரசு அதன் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எடுத்துக்கொண்டபோது பலருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். 1977 முதல் 1992 வரை அரசுக்கும் ரெனமோ கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த சண்டையிலும் பஞ்சத்திலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் திருச்சபைகள் மக்களோடு தங்கியிருந்தன. பெய்ரா பேராயர் ஜெய்மே கோன்சால்வஸும் ரோமின் சாந்த் எஜிதியோ சமூகமும் நடுவராக இருந்து 1992 அக்டோபர் 4 உடன்படிக்கைக்கு வழிசெய்தார்கள். 1995இல் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயின் முன்முயற்சியில் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டு மண்வெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம் கொடுத்தது. அந்தத் துப்பாக்கித் துண்டுகளால் செய்த சிம்மாசனம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் புகழ்பெற்றது. மண்வெட்டிகள் என்ன விளைவித்தன என்று கேட்கத்தான் ஆளில்லை! ஆனாலும் போலீசிடம் காட்டத் தயங்கும் ஆயுதத்தைத் திருச்சபையிடம் ஒப்படைக்கும் அளவுக்கு இருந்த நம்பிக்கையை எந்தத் திட்ட நிதியாலும் வாங்கிவிட முடியாது.

ஒப்பந்த நிறுவனங்களின் பக்கமும் சாதனை உண்டு. அதில் தலையாயது தாய்மார் குழு முறை. வேர்ல்ட் ரிலீஃப் என்ற இவாஞ்சலிக்கல் அமைப்பு 1995இல் மொசாம்பிக்கின் காசா மாகாணத்தில் தொடங்கிய இம்முறையில், பத்துப் பதினைந்து தன்னார்வப் பெண்கள் ஒன்றுகூடி ஒரு செய்தியைக் கற்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் அண்டை வீடுகளுக்குப் போய் அதைச் சொல்வார்கள். தாய்ப்பால், இணையுணவு, கைகழுவுதல் என்று செய்தி மிக எளியது. ஃபுட் ஃபார் த ஹங்ரி என்ற மற்றொரு கிறிஸ்தவ அமைப்பு இதைச் சொஃபாலா மாகாணத்தில் பெரிய அளவில் செய்தபோது, மிகக் குறைந்த செலவில் குழந்தைகளின் எடைக்குறைவு குறைந்தது. சம்பெசியா மாகாணத்தில் வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் துணையோடு பரப்பப்பட்ட செம்மஞ்சள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குழந்தைகளுக்குக் கிடைத்த வைட்டமின் ஏ அளவை உயர்த்தியது. இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும்: தாய்மார் குழு முறையை மதச்சார்பற்ற நிறுவனங்களும் பின்பற்றி வெற்றி கண்டிருக்கின்றனவே, இதில் இறைநம்பிக்கையின் பங்கு என்ன? முறையைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடச் சங்கடமான கேள்வி கூலியைப் பற்றியது. ஏற்கெனவே வயலும் அடுப்பும் தண்ணீர்க்குடமும் சுமக்கும் பெண்களின் ஊதியமில்லா உழைப்புதான் அந்தக் குறைந்த செலவின் ரகசியம். சேவை என்று சொல்லிவிட்டால் சம்பளப் பேச்சு எழாது. இந்த வசதி மத அமைப்புகளுக்குச் சற்று அதிகமாகவே கைகொடுக்கிறது.

பயிர்முறையே வேதமாகும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. சிம்பாப்வே விவசாயி பிரையன் ஓல்ட்ரீவ் உருவாக்கிய உழவில்லா வேளாண்மை, 'கடவுளின் வழியில் விவசாயம்' என்ற பெயரில் தென்பகுதி ஆப்பிரிக்கச் சபைகளில் பரவியது. உழாதே, மண்ணைத் தாள், தழை மூடாக்கால் போர்த்து, பயிரை மாற்றி மாற்றி இடு என்பவை அதன் விதிகள். மூடாக்கை அவர்கள் கடவுளின் போர்வை என்கிறார்கள். வறண்ட மண்ணில் ஈரம் காக்க இது நல்ல வழிதான். ஆனால் அறுவடை முடிந்த தாளை மாடு மேயும் ஊரில் போர்வைக்கு எங்கே போவது? உழவில்லா நிலத்தில், களைக்கொல்லி வாங்க வழியில்லாவிட்டால், களையெடுப்பு கூடும். அது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும். கென் கில்லரும் சக ஆய்வாளர்களும் 2009இல் இந்த ஐயங்களை எழுப்பினார்கள். வேளாண் அலுவலரின் பரிந்துரை பொய்த்தால் உழவர் அவரைத் திட்டிவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பலாம். கடவுளின் வழி பொய்த்தால் குற்றம் உழவரின் சிரத்தையின் மேல் விழுகிறது. தோல்வியைச் சொல்ல வாய் வராத இடத்தில் முறையும் திருந்தாது.

பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். ஒப்பந்த நிறுவனங்களில் பல, அமெரிக்கா கொடுத்த கோதுமையை மொசாம்பிக் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் ஊர்த் திட்டங்களை நடத்தின. இப்படி விற்பதால் பெரும் தொகை வீணாகிறது என்று அமெரிக்க நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் 2011இல் பல நாடுகளை ஆராய்ந்து சொன்னது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இத்தகைய நிதி எதைப் பேசவிடாது என்பது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 2011இல் 43 விழுக்காடு, 2022-23இல் 37. உணவு அதிகம் விளையும் வடக்கு மாகாணங்களில்தான் இந்த நிலை மோசம். அப்படியானால் கோளாறு விளைச்சலில் மட்டும் இல்லை. நிலம், விலை, சாலை, பெண்ணின் கையிருப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. பத்தாண்டு நல்லெண்ணத்தோடு பயிரிட்டவருக்கு நிலவுரிமை தரும் 1997 நிலச் சட்டத்தை ஊர்களுக்குக் கொண்டுபோன பிரச்சாரத்தில் திருச்சபைகளும் சேர்ந்திருந்தன. வடக்கில் உள்ள நக்காலா வழித்தடத்தில் ஜப்பான், பிரேசில் துணையோடு வந்த ப்ரோசவானா பெருவேளாண் திட்டத்தை உழவர் சங்கத்தோடு நின்று எதிர்த்த அமைப்புகளில் நம்புலா உயர்மறைமாவட்டத்தின் நீதி-அமைதி ஆணையமும் ஒன்று. அத்திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. என் கணக்கில், விதை கொடுத்ததைவிட நிலத்தைக் காக்கக் கைகொடுத்ததுதான் பெரிய உணவுப் பணி. நன்கொடை அரசுகளை நம்பியிருக்கும் நிறுவனத்தால் இதைச் செய்வது எளிதில்லை.

மறைமாவட்டமும் மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்பில்லையே, அது யாருக்குக் கணக்குச் சொல்லும் என்று கேட்கலாம். சரியான ஆட்சேபம். ஆயர் மாறினால் துணிவும் மாறிவிடக்கூடும். 2017 முதல் மீண்டும் ஆயுத மோதலில் சிக்கியிருக்கும் வடக்கு மாகாணமான காபோ தெல்காடோவில் முஸ்லிம்கள் அதிகம். அங்கே கிறிஸ்தவ வழி மட்டும் போதாது, மசூதி வழியும் வேண்டும். அரசின் கடமையை எந்த மதமும் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் 2025இல் அமெரிக்க உதவி முகமை மூடப்பட்டதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒப்பந்த வகைப் பணி எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் வேறொரு நாட்டின் ஒற்றை முடிவில் அது நின்றுபோகலாம். பங்குகளிடமும் ஊர்ச் சபைகளிடமும் அந்த அளவு பணமோ வேளாண் அறிவோ கிடையாது. இனி அவற்றுக்கு உதவ நினைப்பவர்கள் அறிவைக் கொடுக்கும்போதே, அதை மறுத்துப் பேசும் உரிமையையும் உழவரிடம் விட்டுவைக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.