பதிவறையும் மென்பொருளும்: சிறிய நிறுவனங்களின் ஆவணக் கண்காணிப்புப் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

சிறிய நிறுவனமொன்று தன் பதிவறையில் அடுக்கி வைத்துள்ள கோவைகளையும் பெட்டிகளையும் கண்காணிப்பதற்கு எம்மென்பொருளைத் தெரிவுசெய்தல் வேண்டும் என்ற வினா, பெரும்பாலும் விலையும் வசதியும் பற்றிய வினாவாகவே எழுப்பப்படுகின்றது. விற்பனையாளர் வசதிகளின் பட்டியலை முன்வைப்பர். நிருவாகக் குழு விலைகளை ஒப்பிட்டு முடிவெடுக்கும். இவ்வணுகுமுறை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். ஆவணம் எங்குள்ளது என்ற அறிவு இன்று யாரிடம் இருக்கின்றது, நாளை யாரிடம் சென்று சேரப்போகின்றது என்பதே முதன்மையான வினாவாகும். தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், வாசிகசாலை, தொண்டு நிறுவனம் முதலியனவே இங்குச் சிறிய நிறுவனங்கள் எனக் கொள்ளப்படுகின்றன.

தாளொன்று கிடையாமற் போவதன் பொருள் யாது என்பதை இலங்கையின் வரலாறு நன்கு உணர்த்தியுள்ளது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், ஏனையோராயின் பத்து ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் தோட்டத்துச் செக்ரோல் போன்ற பதிவேடு வெறும் கூலிக் கணக்கன்று. ஒரு குடும்பம் ஒரு நாட்டிற்கு உரியதா என்பதற்கான சான்றாகிவிடுகின்றது. அண்மைக் காலத்தில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பகிரங்க அதிகாரசபைகள் தம் பதிவேடுகளைப் பட்டியற்படுத்திச் சுட்டியிட்டுப் பேணவேண்டும் என்றும், புதிய பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கவேண்டும் என்றும் விதித்துள்ளது. கேட்கும் உரிமை சட்டத்தில் இருந்தும், கேட்கப்பட்ட கோவை எவ்விறாக்கையில் உள்ளதென்று எவருக்கும் தெரியாதாயின், அவ்வுரிமை ஏட்டுரிமையாகவே எஞ்சும்.

ஆவணக் கண்காணிப்பு என்பது நான்கு வினாக்களுக்கு விடை கூறுவதாகும். இது யாது? எங்குள்ளது? இப்பொழுது யார் கையில் உள்ளது? எப்பொழுது அழிக்கப்படலாம்? சிறிய நிறுவனங்களிற் பெரிதும் பிழைத்துப்போவது மூன்றாவது வினாவேயாம். தலைவரின் மேசைக்குச் சென்ற கோவை அங்கேயே தங்கிவிடும். மேசையிலிருந்து வீட்டிற்கும் சென்றுவிடும். எடுக்கப்பட்ட கோவையின் இடத்திற் பெறுநரின் பெயரையும் திகதியையும் எழுதிய அட்டையொன்றைச் செருகிவைக்கும் பழைய வழக்கம் இவ்வினாவுக்கு எளிதாக விடையளித்தது. அவ்வட்டை செய்த வேலையையேனும் செய்ய இயலாத மென்பொருள், ஏனைய சிறப்புகள் யாவும் பெற்றிருப்பினும், பதிவறைக்குப் பொருந்தியதன்று. இவ்வளவுகோலைக்கொண்டு இன்று கிடைக்கும் மூவகைக் கருவிகளை நோக்கலாம்.

முதலாவது, எக்செல் போன்ற விரிதாள். பணியாளர் பலர் ஏற்கெனவே அறிந்தது. புதிய செலவு சிறிது. ஆயின் அதன் இயல்பு கணக்கியலுக்கு உரியது. 3/84 என்ற கோவை இலக்கத்தை அது திகதியாக மாற்றிவிடும். 0047 என்ற பெட்டி இலக்கத்தின் முன்னுள்ள சுழியங்களை நீக்கிவிடும். இதே குறைபாட்டின் காரணமாகவே மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளிற் சில மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களையே மாற்றியமைத்தது. நிரல்களை முன்கூட்டியே எழுத்துவடிவமாக அமைப்பதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம். இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. கோவையைப் பெற்றவரின் பெயர் இருந்த கட்டத்தில் அடுத்தவரின் பெயரை எழுதியதும் முன்னையது அழிந்துபோகின்றது. இருப்பு எஞ்சுகின்றது, இயக்கத்தின் வரலாறு மறைகின்றது. ஒவ்வோர் எடுப்பையும் திருப்பலையும் தனி வரியாக எழுதும் இரண்டாம் தாளொன்று இதற்கு வேண்டும்.

எமது நிலைக்கே உரிய இடரொன்றும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட பழைய பட்டியல்கள் உண்மையில் உரோம எழுத்துகளாகவும் நிறுத்தற்குறிகளாகவுமே கணினியிற் சேமிக்கப்பட்டுள்ளன. எழுத்துரு நீங்கியதும் தமிழும் நீங்கிவிடும். யூனிக்கோட்டுக்கு மாற்றாது அவற்றைப் புதிய மென்பொருளில் இடுதல், தேடவியலாத பட்டியலைப் புதிய அலுமாரியில் வைப்பதை ஒத்ததாகும்.

இரண்டாவது, சுவடியியலாளர்க்கென ஆக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். சர்வதேச சுவடிகள் பேரவையின் முயற்சியிற் பிறந்து, கனடாவில் வளர்க்கப்பட்ட ‘அக்செஸ் ரு மெமறி’, அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த ‘ஆர்கைவ்ஸ்பேஸ்’ ஆகியன இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. உரிமக் கட்டணமின்மையும் விவரணத் தரங்களைப் பின்பற்றுகின்றமையும் இவற்றின் உண்மையான பலங்களாம். பெட்டியின் இடத்தைக் குறிக்கவும் இவற்றில் வழியுண்டு. எனினும் இவை ‘இது யாது’ என்ற முதல் வினாவுக்காகப் படைக்கப்பட்டவை. கையிலிருந்து கைக்குச் செல்லும் நடப்புக் கோவை இவற்றின் மையப் பொருளன்று. இலவசம் என்ற சொல்லும் மயக்கந் தருவது. வழங்கியையும் தரவுத்தளத்தையும் பராமரிக்கும் உழைப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தேயாகவேண்டும். மேலும், ஆர்கைவ்ஸ்பேஸ் தனக்கு முன்னிருந்த இரு மென்பொருள்களின் வழித்தோன்றலாய் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. தாளின் ஆயுள் மென்பொருளின் ஆயுளிலும் நீண்டது.

மூன்றாவது, பெட்டிகளையும் அவற்றின் பட்டியலையும் ஒருங்கே ஏற்கும் வணிகக் களஞ்சியங்கள். இத்துறையின் பெருநிறுவனமாகிய அயன் மவுண்டன், 1951இல் நியூயோர்க் மாநிலத்தின் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கமொன்றில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் உரிமையாளர் 1936இற் காளான் வளர்ப்பதற்காகவே அச்சுரங்கத்தை வாங்கியிருந்தார். பட்டைக்குறியீடும் ஒழுங்கான இயக்கப் பதிவும் இவ்வகைச் சேவையின் பலம். மூன்றாவது வினாவுக்கு மிகத் தெளிவான விடை இங்குதான் கிடைக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் பெட்டி நிறுவனத்தினது; பெட்டி பற்றிய அறிவோ களஞ்சியத்தினது. பெட்டிகளை நிரந்தரமாக மீளப்பெறுவதற்கும் கட்டணம் அறவிடுதல் இவ்வணிகத்தில் வழமையாகும். நினைவு இங்கே வாடகைப் பண்டமாகின்றது.

எக்கருவியைத் தெரிவுசெய்யினும், பெட்டியின் இலக்கம் அதன் இடத்தைச் சுட்டாதிருத்தல் வேண்டும். பெட்டி இடம்பெயரலாம், இலக்கம் மாறலாகாது. 2009 மார்ச் 3ஆம் திகதி, சுரங்க ரயில்பாதை வேலையின்போது ஜேர்மனியின் கோல்ன் நகரச் சுவடிக்கூடம் இடிந்து வீழ்ந்தது. மீட்கப்பட்ட ஆவணங்கள் பட்டைக்குறியீடு இடப்பட்டு, பல்வேறு சுவடிக்கூடங்களிற் பிரித்துவைக்கப்பட்டன. பழைய இறாக்கை ஒழுங்கு முற்றாகச் சிதைந்த அந்நிலையில், அவற்றை மீண்டும் இணைப்பதற்குத் தனியிலக்கங்களே துணையாயின. பட்டியலின் பிரதியொன்று வேறொரு கட்டடத்தில் இருக்கவேண்டும் என்பதை 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அறிந்த சமூகத்திற்கு விளக்கவேண்டியதில்லை.

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், சிந்திப்பையும் செயற்படுத்தலையும் பிரித்து, முன்னதை நிருவாகத்திடம் ஒப்படைப்பதே நவீன தொழிலமைப்பின் போக்கு எனக் காட்டினார். பதிவறைக்கும் இது பொருந்தும். எக்கோவை எங்குள்ளது என்பதைப் பல்லாண்டு அனுபவத்தால் அறிந்த எழுதுவினைஞரைக் கலந்துகொள்ளாது மென்பொருள் வாங்கப்படுகின்றது. பின்னர் அவர் தரவு உள்ளிடுபவராகின்றார். அதே வேளையில் இவ்வறிவு ஒருவரின் தலைக்குள் மாத்திரம் இருப்பதையும் நியாயப்படுத்த இயலாது. அவர் ஓய்வுபெறும் நாளில் பதிவறை ஊமையாகிவிடும். அவர் சேவையிலுள்ளபோதும், கோவையைக் கேட்டுவரும் ஏழை உறுப்பினர் அவரது தயவில் நிற்கவேண்டியிருக்கும். அவரறிவைப் பொதுவுடைமையாக்குதல் வேண்டும். ஆனால் அவரை விலக்கிவிட்டு அதனைச் செய்ய முடியாது.

எனவே, சில நூறு பெட்டிகளையுடைய நிறுவனத்திற்கு ஒழுங்காக அமைக்கப்பட்ட இருதாள் விரிதாளே தொடக்கத்திற்குப் போதுமானது என்பது எமது முடிபு. அதற்கு அப்பாற் செல்லுமுன் விற்பனையாளரிடம் ஒரு சோதனையைக் கோரலாம்: எமது பட்டியலின் ஐம்பது வரிகளைத் தமிழிலேயே உள்ளிட்டு, தேடிக்காட்டி, எவ்வகை மாற்றமுமின்றி எளிய உரைக்கோப்பாக மீண்டும் வெளியே எடுத்துத் தருக. வெளியே எடுத்துத்தர இயலாத கருவியை, அது எத்துணை மலிவாயினும், விலக்குதலே தகும். இச்சோதனை நடைபெறும் மேசையில் நிருவாகக் குழுவினருடன் பதிவறைப் பணியாளருக்கும் ஓர் ஆசனமும் ஒரு வாக்கும் இருத்தல் வேண்டும்.