முடியும் துலாக்கோலும்

பிரித்தானிய மன்னருள் உள்ளங்கவர்ந்தவர் யார் என மாணவரை வினவினால், விக்டோரியா என்னும் விடை எளிதில் வரும். 1837 முதல் 1901 வரை அரியணையில் இருந்தவர் அவர். ஆயினும், நெடிது ஆண்டமை ஒன்றே சிறப்பாகுமா? அவர் காலத்திலேதான், 1874-இல், பங்கோர் உடன்படிக்கை பேராவுக்கு ஆங்கில ரெசிடெண்டைக் கொணர்ந்தது. தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவின் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்டதும் அவர் காலத்திலேதான்.

மன்னனை அளக்கத் தமிழரிடம் தனித் துலாக்கோல் உண்டு. வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்து, குடிகளின் கண்ணீரையே சான்றாக்கினார். இளங்கோவின் பாண்டியன் தன் தவற்றை உணர்ந்த கணமே உயிர் நீத்தான். ஆங்கிலச் சட்டமோ மன்னர் தவறிழையார் என்னும். பொறுப்பு அமைச்சருக்கே உரியது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அது ஏழாம் எட்வர்டு மறைந்த ஆண்டு. அதுகொண்டு அப்புகழை அவருக்கு ஏற்றுதல் பொருந்தாது. பழி அமைச்சருக்கு எனில், புகழும் அவர்க்கே உரியதன்றோ?

பாரதியாரின் வளர்ச்சி ஈண்டு நமக்கு நல்ல பாடம். 1906-இல், வேல்ஸ் இளவரசரின் இந்திய வருகையை ஒட்டி, பாரதத் தாயே நல்வரவு கூறுவதாக அவர் கவிதை யாத்தார். 1908-இல் விடுதலைப் பாடல்களை நூலாக்கி வெளியிட்டு, அவ்வாண்டிலேயே புதுச்சேரி புகுந்தார். அவ்விளவரசரே 1910-இல் ஐந்தாம் ஜார்ஜ் ஆனார். பாரதியாரின் கண்ணோ பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களிடம் சென்றது. முதற் கவிதை மரபின் கடமை. பிந்தியது நெஞ்சின் குரல். அரியணையை நோக்கி நின்ற கவிஞர் தோட்டத்தை நோக்கித் திரும்பியதே அவரது பெருமை.

ஈப்போவிலும் இவ்விரு நோக்குகள் எதிரெதிர் நிற்கின்றன. 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட முதல் ரெசிடெண்ட் பர்ச்சின் நினைவாக 1909-இல் எழுந்த மணிக்கூண்டின் நான்கு மூலைகளிலும் விசுவாசம், நீதி, பொறுமை, துணிவு ஆகியவற்றைக் குறிக்கும் பெண் உருவங்கள் உள்ளன. ஆட்சி தன் குணங்களைத் தானே செதுக்கிக்கொண்டது. பால்வெட்டியவரிடம் அதுபற்றிக் கேட்டவர் யார்?

ஒருவரைத் தெரிந்தே ஆகவேண்டுமெனின், ஆறாம் ஜார்ஜைத் தெரிவேன். 1940-இல் அரண்மனைமீது குண்டு வீழ்ந்தபோதும் அவர் இலண்டனைக் கைவிட்டு அகலவில்லை. குடியோடு துன்பத்தைப் பகிர்ந்த அப்பண்பு தமிழர் துலாக்கோலிலும் எடை பெறும். எனினும் அக்குடையின் நிழல் பேரா வரை நீளவில்லை. 1942 சனவரியில் கம்பார்ப் போருக்குப் பின் அவரது படை தெற்கே பின்வாங்கியது. தோட்டத்துத் தமிழர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

ஆதலின் ஆசிரியர்கள் இவ்வினாவை விலக்க வேண்டியதில்லை. எவர்க்கு நல்லவர் என்னும் துணைவினாவையும் உடன் சேர்த்துக் கேட்டல் வேண்டும். முடியைப் பற்றி எழுதப் புகும் மாணவன் தன் பாட்டனின் தோட்டத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுவானாயின், அக்கட்டுரை வரலாறு ஆகும்.