காது இருக்கிறதா பார்: ஆவாரையும் அதை அடையாளம் சொல்லும் நூல்களும்

காப்புக் கட்டுக்கு முந்தின நாள் அயோத்தியாப்பட்டணம் கடைத்தெருவில் வாங்கின ஒரு பூங்கட்டில் இருந்துதான் இந்தக் குறிப்பு ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கம் தை பிறப்பதற்கு முன்னால் வேப்பிலை, சிறுபூளை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் தொழுவத்திலும் செருகுவோம். முன்னெல்லாம் கரட்டு ஓரம் போய் ஒடித்து வந்தோம். இப்போது கட்டாகவே விற்கிறது, வாங்கி வந்துவிடுகிறோம். இந்த வருஷம் வாங்கின கட்டில் ஆவாரையோடு இன்னொரு மஞ்சள் பூச்செடியும் கலந்திருந்தது. ஒடித்தவர் வேண்டுமென்று கலந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் ஐந்து மஞ்சள் இதழ், இரண்டும் சாலையோரத்தில் நிற்பவை.

அக்கா மகளுக்கு ஐந்து வயது. கட்டில் இருந்த நீளமான காய்களைப் பிதுக்கி, விதைகளைக் கொட்டாங்குச்சியில் போட்டுச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். "மாமா, பருப்பு சாப்பிடுறீங்களா?" என்று ஒரு பிடி நீட்டினாள். "என்ன காய் அது?" என்று அக்கா கேட்க, "பொன்னாவாரைக்கா, ஆவாரைக்குத் தங்கச்சி மாதிரி. ஒண்ணும் பண்ணாது" என்று நான் பெரிய பண்டிதன் போலச் சொன்னேன்.

ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் சமயத்தில் சின்னப் பிள்ளைகள் திடீரென்று வாந்தி, நினைவிழப்பு என்று விழுந்து ஓரிரு நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல், ஏதோ வைரஸ் என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜானும் அடங்கிய குழு அது வைரஸ் இல்லை என்று காட்டியது. அவர்களுடைய ஆய்வுகள் 2007இல் வெளிவந்தன. பிள்ளைகள் விளையாட்டாகப் பிதுக்கித் தின்ற காட்டு விதைதான் காரணம். அது கல்லீரல், தசை, மூளை மூன்றையும் சேர்த்து அடிக்கிறது. அந்தச் செடியின் பெயர் காஸியா ஆக்சிடென்டாலிஸ், இப்போது சென்னா ஆக்சிடென்டாலிஸ். நம் ஊரில் பொன்னாவாரை என்றும் பேயாவாரை என்றும் சொல்கிறோமே, அதேதான்.

எழுந்து போய் அக்காவை எழுப்பிக் கேட்டேன். பிள்ளை ஒன்றையும் வாயில் போடவில்லை. கொட்டாங்குச்சியோடு எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. பதினைந்து வருஷமாகச் செடி பார்க்கிறவன் நான். அலமாரியில் நூல்கள் இருக்கின்றன, கையில் செயலி இருக்கிறது. இவற்றில் எதுவாவது அந்தத் திண்ணையில் ஐந்து நிமிஷத்துக்குள் எனக்குச் சரியான விடை கொடுத்திருக்குமா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததன் விளைவு இது.

முதலில் கேம்பிள். ஜே.எஸ். கேம்பிள் வனத்துறை அதிகாரியாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் உட்கார்ந்து மெட்ராஸ் மாகாணத் தாவரங்கள் பற்றிய பெருநூலை எழுத ஆரம்பித்தார். 1915இல் முதல் பகுதி வந்தது. 1925இல் அவர் இறந்துபோக, சி.இ.சி. ஃபிஷர் தொடர்ந்து 1936இல் முடித்தார். நூறு வருஷம் ஆகியும் தென்னிந்தியாவில் செடி பார்க்கிறவர்கள் இன்னும் இதைத்தான் புரட்டுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. சொல் சிக்கனம், துல்லியம், ஒரு வரியில் ஒரு செடியை நிறுத்தும் திறமை. உள்ளூர்ப் பெயர்களையும் அவர் விடவில்லை. வனக் காவலரிடம் கேட்டுத்தான் வேலை நடக்கும் என்று தெரிந்தவர்.

ஆனால் அந்த நூலில் ஒரு படம்கூடக் கிடையாது. அதன் திறவுகோல், அதாவது 'இதுவா, அதுவா' என்று கேட்டுக்கேட்டு இனத்துக்குக் கொண்டுபோகும் படிக்கட்டு, ஹெர்பேரியத்தில் காய்ந்த மாதிரியை மேஜையில் வைத்துப் பார்க்கிறவருக்காக அமைந்தது. பட்டாணிக் குடும்பத்தில் நுழைந்தால் பூவும் வேண்டும், காயும் வேண்டும். காய் தட்டையா, உருண்டையா, உள்ளே தடுப்பு இருக்கிறதா என்று போகும். கரட்டில் நிற்கிறவனுக்குப் பூ கிடைத்தால் காய் கிடைக்காது, காய் கிடைத்தால் பூ உதிர்ந்திருக்கும். உள்ளூர்ப் பெயரும் ஆங்கில எழுத்தில் கிடப்பதால் ஒரு தமிழ்ப் பெயரை அதில் கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சி.

அடுத்தது கே.எம். மேத்யூ. இயேசு சபைத் துறவி. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தளமாகக் கொண்டு தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை எழுதியவர். 1981இல் தரவுத் தொகுதி, 1982இல் ஓவியத் தொகுதி, 1983இல் விரிவான விளக்கத் தொகுதி. பிறகு 1991இல் மத்தியத் தமிழ்நாட்டுக்கென்று ஒரே புத்தகத்தில் அடங்கும் களக் கையேடு. சேலம் வட்டாரம் இந்த எல்லைக்குள் வருகிறது. மலையுச்சிச் செடிகளைத் தேடிப் பலரும் போன காலத்தில், பொட்டல் காடு, வேலி ஓரம், கரட்டுச் சரிவு என்று நம் சமவெளிக்கு மரியாதை செய்த மனுஷன். கேம்பிள் விட்ட குறையை ஓவியத் தொகுதி தீர்த்தது. அந்தக் கோட்டோவியங்களில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் பத்துப் பக்க விவரணை தேவையில்லை.

எனக்கு மேத்யூவிடம் உள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். களக் கையேடு என்று பெயர் வைத்தும், அது களத்துக்குப் பாதி வழிதான் வந்தது. மொழி தாவரவியல் பட்டப்படிப்பின் ஆங்கிலம். ஒரு பள்ளி ஆசிரியையோ, ஆவாரம்பூ காயவைத்து விற்கும் அத்தையோ அதைத் திறக்க முடியாது. இன்னொன்று, எது தின்னக்கூடாதது என்ற கேள்விக்கு இந்த வகை நூல்களில் இடமே இல்லை. இனம் எது என்று சொல்லிவிட்டால் அவற்றின் கடமை முடிந்தது. இதை மேத்யூவின் தப்பு என்று சொல்ல மாட்டேன், அந்த நூல்வகையின் எல்லை அது. அந்த எல்லைக்கு வெளியேதான் என் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது, கைபேசிச் செயலி. பெயர் வேண்டாம், எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கட்டில் இருந்த பொன்னாவாரைப் பூவை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்துக் கொடுத்தேன். யோசிக்காமல் ஆவாரை என்றது. மறுநாள் முழுக் கிளையைக் காட்டினேன், சரியாகச் சொன்னது. ஆக, தப்பில் பாதி என்னுடையது. ஆனால் 'பூவைக் கிட்டத்தில் எடு' என்று நம்மைப் பழக்கியதும் அதுதானே. இந்தக் கூட்டத்தில் பூ ஏமாற்றும். ஆவாரை, பொன்னாவாரை, தகரை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மஞ்சள் முகம். எதைப் பார்க்க வேண்டும் என்று செயலி நமக்குக் கற்றுத்தருவதில்லை, விடையை மட்டும் கொடுக்கிறது. சரியான விடை கிடைத்த அன்றுகூட நாம் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை.

நான்காவது, நம் தமிழ்ப் பெயர்கள். எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இது. ஆவாரை, பொன்னாவாரை, பேயாவாரை, நிலாவாரை என்று ஒரே குடும்பப் பெயர். உறவைக் கண்டுபிடித்ததில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். இன்றைய தாவரவியல் இவை எல்லாவற்றையும் சென்னா என்ற ஒரே பேரினத்தில்தான் வைக்கிறது. ஆனால் உறவைச் சொல்லும் பெயர் வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். நிலாவாரை பேதி மருந்து. திருநெல்வேலிச் சீமையில் இருந்து கப்பலேறிய 'சென்னா' அதுதான். பொன்னாவாரையின் விதையோ பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது. போதாததற்கு, பொன்னாவாரை என்ற பேரை சென்னா சோஃபெராவுக்கும் சில நூல்கள் கொடுக்கின்றன. 'பொன்' என்று கேட்டதும் நம்ம ஊர்ச் செடி, நல்ல செடி என்று மனசு சொல்லிவிடுகிறது. நிஜத்தில் ஆக்சிடென்டாலிஸ் அமெரிக்க வெப்பமண்டலத்தில் இருந்து வந்து குடியேறியது. 'மேற்கத்தியது' என்ற பொருளில்தான் லின்னேயஸ் அதற்குப் பேரே வைத்தார். எத்தனையோ மூலிகைப் புத்தகங்கள் இந்தப் பெயர்களைக் குணபாடத்தோடு அடுக்குகின்றன. பக்கத்தில் நிற்கும் இன்னொரு செடியிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று ஒரு வரி எழுதுவது அபூர்வம்.

சரி, எப்படித்தான் பிரிப்பது? சொல்லாமல் போனால் நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவேன்.

ஆவாரையில் பூவை விடுங்கள், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வட்டமாக, பச்சையாக, காது மடல் மாதிரி இலையடிச் செதில் இருக்கும். அது சீக்கிரம் உதிராது. பூ இல்லாத மாதத்திலும், காய் இல்லாத மாதத்திலும் இருக்கும். லின்னேயஸ் 1753இல் வைத்த 'ஆரிகுலேட்டா' என்ற பெயருக்கு 'காதுள்ளது' என்றே பொருள். விடை பெயரிலேயே இருந்திருக்கிறது, அதை யாரும் நமக்குத் தமிழில் சொல்லவில்லை. கைலென்ஸ் இருந்தால் இன்னொன்று: ஆவாரையின் ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவில் ஒரு சின்னச் சுரப்பி நிற்கும். சிற்றிலைகள் சிறிசு, நுனி மழுங்கல், எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி. காய் தட்டை, காகிதம் போல மெல்லிசு.

பொன்னாவாரைக்குக் காது கிடையாது. சிற்றிலை பெரிசு, நுனி கூர்மை, நான்கு ஐந்து ஜோடிதான். சுரப்பி ஒன்றே ஒன்று, இலைக்காம்பின் அடியில். இலையைக் கசக்கினால் மூக்கைப் பிடிக்க வேண்டும். காய் நீளம், கொஞ்சம் வளைந்து, ஓரம் வெளுத்திருக்கும். தகரை என்றால் மூன்றே ஜோடி, நுனிப்பக்கம் அகன்ற சிற்றிலை, ஊசிபோல நீண்ட காய்.

இப்படிப்பட்ட கைச்சோதனை ஏற்கெனவே நம் ஊரில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கொழுஞ்சியை வயலில் தழையாக மிதித்த தலைமுறைக்கு அது தெரியும்: சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அம்புமுனை மாதிரி 'வி' வடிவில் கிழியும், நரம்புகள் அப்படி இணையாக ஓடுகின்றன. தலைச்சாயத்துக்கு விற்கும் அவுரியும் பார்வைக்கு இதுபோலத்தான், ஆனால் அதன் இலை அப்படி ஒழுங்காகக் கிழியாது. காய்ந்தால் நீலம் கலந்து கறுக்கும். கிலுகிலுப்பைக்குப் பெயரே சோதனை: உப்பிய காயை ஆட்டினால் சத்தம் கேட்கும். பெயர் என்றால் அப்படி இருக்க வேண்டும், ஆனால் எல்லாப் பெயரும் அவ்வளவு நேர்மையாக இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கேம்பிளிடம் துல்லியம் இருக்கிறது, மேத்யூவிடம் நம் மண்ணும் படமும் இருக்கின்றன, செயலியிடம் வேகம், தமிழ்ப் பெயர்களிடம் உறவு பற்றிய அறிவு. அந்தத் திண்ணைக்கு வேண்டியது இவற்றில் எதுவும் தனியாக இல்லை: எந்த மாதமும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தமிழில் சொல்லக்கூடிய ஒரே ஓர் அடையாளம், கூடவே எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற ஒரு வரி. ஒரு வட்டாரத்துக்கு முப்பது புதர்ச்செடிக்கு இப்படி எழுதினால் சின்ன நோட்டுப் புத்தகம்தான் ஆகும். மேத்யூவின் ஓவியங்களைப் பார்த்து, கரட்டில் சரிபார்த்து, செய்ய முடியாத வேலை இல்லை. நான் ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஏழு செடி.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கரட்டு அடிவாரம் வரை கூட்டிப்போனேன். ஒரு ஆவாரஞ்செடியைக் காட்டி ஒன்றும் சொல்லாமல் நின்றேன். குனிந்து தண்டைத் தடவினாள். "மாமா, இதுக்குக் காது இருக்கு" என்றாள். நாலு அடி தள்ளி நின்ற பொன்னாவாரையையும் அவளே தடவிப் பார்த்தாள். "இதுக்கு இல்லை. இது பருப்பு வேண்டாத செடி" என்றாள். நோட்டில் பொன்னாவாரைக்கு நான் எழுதியிருந்த எச்சரிக்கை வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.