பருவம் பார்க்காத பட்டப்படிப்பு

விவசாயம் என்பது ஓர் ஊரின் மண்ணோடும், அவ்வூருக்கு மழை வரும் மாதத்தோடும், அம்மண்ணை உழுகிறவர்களின் குடும்ப வழக்கங்களோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்த தொழிலாயிருக்க, அதனை ஒரு சர்வதேச சாஸ்திரமாக வகுத்து, எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷங்களில் கற்றுத் தேறி முதுநிலைப் பட்டம் பெறலாம் என்னும் ஏற்பாடு, முதற்பார்வையில் சற்று விசித்திரமாகத்தான் தோன்றும். ஆயினும் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலும், நியூயார்க் மாநிலத்துக் கார்னெலிலும், ஹாலந்து தேசத்து வாகனிங்கனிலும் ‘சர்வதேச விவசாய அபிவிருத்தி’ என்ற பெயரிலோ அதனை ஒத்த பெயர்களிலோ இப்படிப்பு பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அதில் தேறியவர்களில் பலர், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கோடிக்கணக்கான குடியானவர்களின் வாழ்வைத் தொடுகின்ற திட்டங்களை வகுக்கும் பொறுப்பில் அமர்கிறார்கள். அவர்கள் கையெழுத்திடும் காகிதம் ஒன்று, எந்த ஊருக்கு எந்த விதை போகும் என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும். ஆகையால் இப்படிப்பின் குணதோஷங்களை ஆராய்வது கல்வித்துறையாருக்கு மட்டும் உரிய காரியமன்று.

இதன் பூர்வீகம் அவ்வளவு தூயதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். 1922-இல் டிரினிடாட் தீவில் தொடங்கி, பின்னர் ‘இம்பீரியல்’ என்ற அடைமொழியும் பூண்ட வெப்பமண்டல விவசாயக் கல்லூரி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாடுகளுக்கு விவசாய அதிகாரிகளைப் பயிற்றி அனுப்பிற்று. தோட்டப் பயிர்களுக்கு அந்நாளில் கிடைத்த கவனம், ஏழைக் குடியானவரின் உணவுப் பயிர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, இன்றைய தான்சானியாவில் மாபெரும் நிலக்கடலைப் பண்ணை ஒன்றை நிறுவ பிரிட்டிஷ் அரசாங்கம் முனைந்தபோது, சில வாரங்களே அந்நாட்டைச் சுற்றிப் பார்த்த ஒரு குழுவின் அறிக்கையே அதற்கு அஸ்திவாரமாயிற்று. கொங்வா வட்டாரத்து மண், மழை நின்றதும் செங்கல்லாக இறுகி, கடலையைப் பிடுங்கவொட்டாமல் செய்யும் என்பதை ஒரு போகமாவது அங்கே தங்கியிருந்தால் கண்டிருப்பார்கள். 1951-இல் அத்திட்டம் கைவிடப்பட்டபோது சுமார் மூன்றரைக் கோடிப் பவுன் வீணாகியிருந்தது. இதற்கிடையில், 1949 ஜனவரி 20-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் தம் பதவியேற்புப் பேருரையில் நான்காம் அம்சமாகப் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவியை அறிவிக்கவே, 1862-ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டத்தின் பயனாக உள்நாட்டு உழவர்களுக்கென்று எழுந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், கடல் கடந்த உழவர்களையும் தம் மாணாக்கர்களின் பாடமாக்கிக்கொண்டன. இன்றைய படிப்பு இவ்விரு ஊற்றுகளிலிருந்தும் வந்தது. இரண்டின் சுபாவமும் அதில் இன்னும் கலந்திருக்கிறது.

இனி அதன் சிறப்பைப் பார்ப்போம். டேவிஸில் இப்படிப்பு ஒரு தனித்துறையின் உடைமையாக இல்லை. பயிர்நூல், மண்ணியல், பொருளாதாரம், சமூகவியல், நீர்ப்பாசனம் முதலிய பல துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்த ஒரு குழுவே அதனை நடத்துகிறது. அபிவிருத்தியின் தத்துவமும் நடைமுறையும், பண்ணை முறைகளின் ஆராய்ச்சி, திட்டங்களை வகுத்தலும் மதிப்பிடுதலும் என்பவை எல்லோருக்கும் பொதுப் பாடங்கள்; அதன்மேல் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சிறப்புத் துறையைத் தேர்ந்துகொள்கிறார்கள். இந்த அமைப்பு வெறும் நிர்வாக வசதி அன்று என்பது, தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டின் ஒரு மரத்தைக் கொண்டு நன்கு விளங்கும்.

அந்நாட்டில் ‘ம்சாங்கு’ என்று அழைக்கப்படும் மரம், மற்ற மரங்களுக்கு மாறாக, மழைக்காலத்தில் இலையுதிர்த்து உலர்ந்த காலத்தில் தழைக்கிறது. ஆகவே அதனடியில் விதைத்த மக்காச்சோளத்துக்கு வெயில் தடைப்படுவதில்லை. உதிர்ந்த இலையோ மண்ணுக்கு உரமாகிறது. உரம் வாங்க வழியற்ற குடியானவருக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ஆனால் நிலத்தை வளப்படுத்த அது வளர்ந்து வருவதற்குப் பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும். மலாவியின் மத்தியப் பகுதியிலும் தெற்கிலும் வாழும் செவா, யாவோ மக்களிடையே நிலம் தாய்வழியாக இறங்குகிறது. மணமான ஆடவன் பெரும்பாலும் மனைவியின் ஊருக்குக் குடிபோகிறான். மணம் முறிந்தாலோ மனைவி இறந்தாலோ அவன் தன் தாய்வீட்டு ஊருக்கே திரும்ப நேரிடும். பல வருஷங்களுக்குப் பின் பலன் தரப்போகும் மரத்தை, நாளை தனதாக இருக்குமா என்று தெரியாத நிலத்தில் நட அவன் தயங்குவது இயல்பேயன்றோ? மண்ணியல் மட்டும் கற்றவர் அந்த ஊருக்குப் போனால், ‘விவசாயிகளுக்கு இம்மரத்தின் பயன் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, துண்டுப் பிரசுரம் அச்சிடச் சிபாரிசு செய்வார். உறவுமுறையும் கற்றவரோ, மனைவியிடமும், அவள் குடும்பத்துக்குப் பொறுப்பாளியாகிய தாய்மாமனிடமும் பேச வேண்டும் என்று அறிவார். மண்ணும் மனிதரும் சந்திக்கும் இடத்தில் நிற்கக் கற்பிப்பதே இப்படிப்பின் தலையாய சிறப்பு. வேறெந்த முதுநிலைப் படிப்பும் இதனை இவ்வளவு பொறுப்போடு செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த மனோபாவம் விளைவித்த நன்மைகளும் உண்டு. வடக்கு மலாவியில், வழக்கம் தந்தைவழியாயுள்ள எக்வென்டேனி வட்டாரத்தில், சத்துக்குறைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வீட்டு நிலையை விசாரிக்கப் புகுந்ததிலிருந்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு முயற்சி தோன்றியது. அரசாங்க மானியம் நின்று, நாணயமதிப்பும் வீழ்ந்து, உரவிலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த காலம் அது. மருத்துவமனைச் செவிலியான எஸ்தர் லுபாஃப்யாவும், கார்னெலில் டாக்டர் பட்டம் பெற்றுப் பின்னாளில் அங்கேயே பேராசிரியை ஆன ரேச்சல் பெஸ்னர் கெரும், ஊர்தோறும் அமைந்த விவசாயிகளின் ஆராய்ச்சிக் குழுக்களும் சேர்ந்து, துவரை, நிலக்கடலை முதலிய பயறுவகைகளைப் பயிரிட்டு, அறுவடைக்குப்பின் அவற்றின் தழையை மண்ணில் புதைக்கும் முறையைப் பரிசோதித்தார்கள். அதனோடு நில்லாமல், பயறு விளைந்தாலும் அது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேருகிறதா என்றும் கேட்டார்கள். அப்போதுதான் குழந்தைக்கு எப்போது, என்ன ஊட்டுவது என்பதில் பாட்டிமார்களின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது வெளிப்பட்டது. ஒரு பயிர்ச் சோதனை பாட்டிமார்வரை போய் எட்டியது என்றால், அதற்குக் காரணம் துறைகளின் வேலி உடைந்ததுதான். இதே நாட்டில் 1990-களில் சீக்லிண்ட ஸ்னாப் என்ற மண்ணியலறிஞர் கையாண்ட ‘தாய்-சேய்ச் சோதனை’ முறையும் இவ்வகையினதே: ஊர் நடுவே எல்லா முறைகளையும் ஒழுங்காக வைத்து ஆராய்கின்ற ஒரு தாய்ப்பாத்தி; சுற்றிலும், அவற்றில் சிலவற்றைத் தம் விருப்பப்படி தேர்ந்து, தம் நிலத்தில் தாமே செய்து பார்க்கும் விவசாயிகளின் சேய்ப்பாத்திகள்.

இவ்வளவு நன்மையையும் மனமார ஒப்புக்கொண்ட பின்னரே, இதன் மூலாதாரமான குறையைச் சொல்லுகிறேன்: இப்படிப்பு, விவசாயத்தின் பஞ்சாங்கத்தை விட்டுப் பல்கலைக்கழகத்தின் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. மலாவியில் மழை நவம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் ஓய்கிறது. மக்காச்சோளம் மழையோடு விதைக்கப்பட்டு ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகிறது. அமெரிக்க மாணவருக்குக் கள ஆய்வுக்கென்று வசதியாகக் கிடைப்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலுள்ள கோடை விடுமுறை. அவர் ஊருக்குள் நுழையும்போது மூங்கிற்பிளாச்சில் முடைந்த குதிர்கள் நிரம்பியிருக்கும், பாதைகள் உலர்ந்திருக்கும், வயலில் வேலை இல்லாததால் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல எல்லோருக்கும் அவகாசம் இருக்கும்.

அதே ஊரை ஜனவரியில் பார்த்தால் வேறொரு ஊர் என்றே சொல்ல வேண்டும். சென்ற வருஷத்துத் தானியம் தீர்ந்துபோய்ப் புதுத் தானியம் இன்னும் முழங்கால் உயரத்தில் நிற்கும் மாதங்கள் அவை. வறிய குடும்பத்தார் விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ‘கன்யு’ என்று அங்கே வழங்கும் கூலிவேலைக்கு, அதாவது வசதியுள்ளவர் வயலில் களைவெட்டவும் வரப்புக் கட்டவும் போகிறார்கள். அன்றைய கூலியாகிய மாவு அன்றிரவே களியாகித் தீர்ந்துவிடுகிறது. அவர்களுடைய சொந்த வயலிலோ, களையெடுக்க வேண்டிய வாரம் கடந்து, பயிரும் களையும் ஒன்றாய் மண்டிக் கிடக்கின்றன. காலந்தாழ்ந்து களையெடுத்த பயிர் குறைந்த மகசூல் தர, அடுத்த வருஷத்துப் பசிக்கு இந்த வருஷமே வித்திட்டாயிற்று. ஜூலையில் வரும் மாணவர், ‘எத்தனை முறை களையெடுத்தீர்கள்?’ என்று கேட்க, ‘ஒருமுறை’ என்று பதில் வருகிறது. ‘களை நிர்வாகத்தில் அறிவுக் குறைவு’ என்று அவருடைய அட்டவணையில் அது பதிவாகிறது. கேட்டவரும் பொய் எழுதவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்குமிடையே ஆறு மாதங்கள் நிற்கின்றன.

இவ்வாபத்தை ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், கடைசியில் நிற்பவரை முதலில் வைக்கவேண்டும் என்று வற்புறுத்தி 1983-இல் வெளியிட்ட நூலிலேயே எடுத்துக்காட்டினார்: வெளியூர் நிபுணர்கள் தார் போட்ட சாலையோரத்து ஊர்களையே பார்க்கிறார்கள், உலர்ந்த காலத்திலேயே பார்க்கிறார்கள், பசியும் நோயும் கடனும் ஒருங்கே வந்து தாக்குகின்ற மழைக்காலம் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. இந்நூல் இத்துறை மாணவர்கள் நெடுங்காலமாகப் படித்துவரும் நூல்களுள் ஒன்று. வகுப்பறையில் அதைப் படித்துத் தேர்ந்து, விடுமுறை வந்ததும் அதே உலர்ந்த மாதத்தில் விமானம் ஏறும்படி மாணவரை நிர்ப்பந்திக்கின்ற ஏற்பாட்டை எவ்விதம் நியாயப்படுத்துவது? ஆய்வேடு எழுதாமல் பொதுப் பரீட்சை ஒன்றோடு பட்டம் பெறும் மார்க்கமும் டேவிஸில் உண்டு. அம்மார்க்கத்தில் அந்த விடுமுறைக் கள ஆய்வுகூடக் கட்டாயமில்லை.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. இப்படிப்புக்கு வருவோரில் கணிசமானவர்கள் அமெரிக்க அமைதிப்படையில் இருபத்தேழு மாதங்கள் ஏதேனும் ஒரு கிராமத்தில் தொண்டாற்றிவிட்டு வந்தவர்கள்; பருவங்களின் போக்கை அவர்கள் பிரத்தியட்சமாக அறிவார்கள். இது உண்மை. ஆனால் இதனால் புகழ் சேரவேண்டியது அமைதிப்படைக்கேயன்றிப் பல்கலைக்கழகத்துக்கு அன்று. இவ்விரண்டையும் இணைத்து, வளாகத்தில் படிப்பும் கிராமத்தில் ஈராண்டுத் தொண்டும் சேர்ந்ததே பட்டம் என்ற ஏற்பாடு 1987 முதல் 2016 வரை பல பல்கலைக்கழகங்களில் இருந்தது. அதனை நிறுத்தியது பெரும் பிழை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தங்கியிருத்தலின் பயனுக்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. இலங்கையின் கல்லோயா பாசனப் பகுதியில் 1980-களின் தொடக்கத்தில், கொழும்பு விவசாய ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கார்னெலின் நார்மன் அப்ஹாஃப் முதலியோரும் சேர்ந்து, உள்நாட்டு இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக நியமித்து, விவசாயிகளிடையே சென்று வசிக்கச் செய்தார்கள். தண்ணீர்ச் சண்டைக்குப் பேர்போன அவ்விடத்தில் விவசாயிகள் தாமே கூடி வாய்க்கால்களைத் தூர்வாரி, முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சப்பட்ட நீரைக் கடைமடைக்கு விட்டார்கள். தலைமடையில் சிங்கள விவசாயிகளும் கடைமடையில் தமிழ் விவசாயிகளும் இருந்த இடங்களிலும் அந்த நீர் போய்ச் சேர்ந்தது. அறிக்கை எழுத வந்து போகிறவர்களால் அந்த நம்பிக்கையை விளைவித்திருக்க முடியாது.

காலத்தின் குறைக்கு அடுத்தபடியாக நிற்பது பணத்தின் திசை. ஆராய்ச்சிக்குப் பொருள் கொடுப்பவர் வடக்கே இருப்பதால், கேள்வியும் பெரும்பாலும் அங்கேயே பிறக்கிறது. மலாவியின் பண்டா விவசாயக் கல்வி வளாகத்து மாணவர் வினாத்தாளைச் சுமந்து ஊர் ஊராய்த் திரிகிறார், ஆய்வேட்டிலோ அவர் பெயர் நன்றியுரையில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. இதற்கு நல்ல விதிவிலக்குகளும் இருந்தன. டேவிஸைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-இல் தொடங்கிய தோட்டக்கலை ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கிய ‘ட்ரெல்லிஸ்’ நிதியில், உள்ளூர் ஸ்தாபனமே பிரச்சினையை எழுதி அனுப்பிச் சிறுதொகை பெற்றது. அமெரிக்க முதுநிலை மாணவர் அதற்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஆனால் அம்மாணவரின் நேரடி விஜயமும் சுமார் இரண்டு வாரமே. அன்றியும், 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, ஜூலைக்குள் அதற்குரிய ஸ்தாபனத்தையே மூடிவிட்டபோது, அதன் பொருளுதவியால் நடந்துவந்த பல்கலைக்கழக ஆய்வகங்கள் பலவும் நடுவழியில் நின்றன. ஒரே கொம்பைப் பற்றிப் படர்ந்த கொடிக்கு அக்கொம்பு ஒடிந்தால் என்ன கதியோ, அதுவே நேர்ந்தது.

மாற்று வழி எங்கோ கற்பனையில் இல்லை, ஆப்பிரிக்காவிலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் உள்ள பயிர் மேம்பாட்டு மையமும், அதனைப் பின்பற்றிக் கானா பல்கலைக்கழகத்தில் எரிக் டான்குவாவின் முயற்சியால் 2007-இல் கார்னெலின் துணையோடு எழுந்த மையமும், மாணவரை முதல் இரண்டு வருஷங்கள் தம்மிடம் வைத்துப் பாடம் கற்பித்துப் பிறகு மூன்று வருஷங்களுக்கு அவரவர் சொந்த நாட்டுக்கே அனுப்பிவிடும் முறையை வகுத்தன. அங்கே தம் மக்கள் உண்ணும் பயிரைத் தம் மழையில் வளர்த்து ஆராய்வதே அவர்களுடைய ஆய்வேடு. படித்தவர்களில் பெரும்பாலோர் தாய்நாட்டிலேயே தங்கிவிடுவதும் இதனாலேயே. இவை டாக்டர் பட்டத்துக்கான படிப்புகள், அதிலும் பயிர்ப்பெருக்கம் என்ற ஒரே துறைக்கு உரியவை. ம்சாங்கு மரத்தடியில் தாய்மாமனையும் காணும் விரிந்த பார்வையை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

டேவிஸின் விரிவும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காலக்கிரமமும் ஒரே படிப்பில் கூடுவதற்குப் பெரிய தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவதாக ஒரு வருஷம் சேர்த்து, மலாவியைத் தேர்ந்த மாணவரை அக்டோபரில் அனுப்பி, மே மாத அறுவடை முடியும்வரை அங்கே வைக்கலாம். பண்டா மாணவரை அவரோடு சமபங்காளியாகச் சேர்த்து, ஆய்வேட்டில் இருவர் பெயரையும் பொறிக்கலாம். செலவு கூடும் என்பார்கள். தவறான சிபாரிசின் பேரில் ஒரு மாவட்டம் முழுவதும் இறைக்கப்படும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு மாணவரின் ஒரு வருஷத்து உதவித்தொகை மிகச் சிறிது. கண்டறிந்தவற்றை அந்த ஊராரின் முன்னிலையில், அவர்கள் மொழியில் சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்த பின்னரே பட்டம் என்று விதித்தால் இன்னும் நல்லது. அக்கூட்டம் மறு அக்டோபரில், விதை வாங்கும் முன்பே நடக்கவேண்டும். ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால், யாருக்காக அது கூட்டப்படுகிறதோ அவர்கள் கன்யுவுக்குப் போயிருப்பார்கள்.