மெடிசின் ஹாட்டின் இரண்டு பையன்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், கால்கரியிலிருந்து கிழக்கே போகும் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் மெடிசின் ஹாட் என்றோர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி டைகர்ஸ். மேற்கு ஜூனியர் லீக் அணிகள் முறைவைத்துச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013ஆம் ஆண்டு எட்டாவது சுற்றில் டைகர்ஸ் ஒரு கால்கரிப் பையனின் பெயரை எடுத்தது. எட்டாவது சுற்று என்றால் பின்வரிசை. பையன் உருவத்தில் சிறியவன், பெயர் கேல் மக்கார். அந்த அணிக்காக அவன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து, 2022இல், அதே டைகர்ஸ் அதே டிராஃப்டில் முதல் பெயராகவே யூக்கான் பிரதேசத்துப் பையன் ஒருவனை எடுத்தது. அவன் கேவின் மெக்கென்னா. மக்காரைப் போலவே அவனுக்கும் அப்போது 14 வயது. அவன் டைகர்ஸுக்கு ஆட வந்தான். 2024-25 சீசனில் 56 ஆட்டங்களில் 41 கோல், 88 கோல் உதவி என 129 புள்ளி குவித்தான். அணி லீக் கோப்பையை வென்று, கனடிய ஜூனியர் பட்டத்துக்கான மெமோரியல் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய் லண்டன் நைட்ஸிடம் தோற்றது. பிறகு 2025 ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் சேரப்போவதாக மெக்கென்னா தொலைக்காட்சியில் அறிவித்தார்.

கல்லூரியில் ஆட வேண்டுமென்றால் மெடிசின் ஹாட் பக்கமே போகக்கூடாது என்று இருந்தது மக்காரின் நிலை. மெடிசின் ஹாட்டில் மூன்று சீசன் ஆடிவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்தார் மெக்கென்னா. இந்த இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் அடித்தளமே நகர்ந்துவிட்டது. நகர்ந்தது நல்லதற்கே என்பது என் கருத்து. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை.

முதலில் இரண்டு பாதைகளையும் பார்த்துவிடலாம். மேஜர் ஜூனியர் என்பது ஒன்டாரியோ, மேற்குக் கனடா, கியூபெக்-அட்லாண்டிக் மாகாணங்கள் என மூன்று லீகுகளின் கூட்டு. கனடாவிலும் எல்லை தாண்டி அமெரிக்காவிலுமாக அறுபதுக்கு மேல் அணிகள். ஆடுவோர் 16 முதல் 20 வயதுக்காரர்கள். பையன் வீட்டைவிட்டு வந்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே ஆடுவான். ஒன்டாரியோவிலும் மேற்கிலும் வழக்கமான சீசனுக்கு 68 ஆட்டங்கள். மேற்கு லீக் மனிடோபாவிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் வரை பரந்து கிடப்பதால் பாதி வாழ்க்கை பேருந்தில் கழியும். 1986 டிசம்பர் 30 அன்று ஸ்விஃப்ட் கரன்ட் பிராங்கோஸ் அணியின் பேருந்து பனிச்சாலையில் கவிழ்ந்து நான்கு ஆட்டக்காரர்கள் இறந்ததை அந்த லீகில் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயணங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த நால்வரை நினைக்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

கல்லூரியில் கதை வேறு. அங்கே ஆட்டம் பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில்தான். சீசனுக்கு 35லிருந்து 40 ஆட்டம். பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என்று உச்சவரம்பு உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு, பனித்தளப் பயிற்சி, எடைப் பயிற்சிக்கூடம். எதிரே நிற்பவர்களோ 22, 23 வயது ஆண்கள்.

இந்த எண்களுக்குள்தான் விஷயமே இருக்கிறது. 68 ஆட்டம் ஆடும் 17 வயதுக்காரன் ஆட்டத்தை ஆடியே கற்கிறான். தோல்விக்கு மறுநாளே இன்னோர் ஆட்டம் என்ற பழக்கம், என்.எச்.எல். எனும் தொழில்முறை லீகின் நீண்ட சீசனுக்கு அவனைத் தயார்ப்படுத்துகிறது. ஆனால் எடை கூட்டவும், ஸ்கேட்டிங்கில் உள்ள ஒரு குறையைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்யவும் அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. கல்லூரிக்காரனுக்கு நான்கு வேலைநாள் கிடைக்கிறது. சீக்கிரம் வளர்ந்த உடலுக்கு ஜூனியர் பொருந்துகிறது, தாமதமாக வளரும் உடலுக்குக் கல்லூரி பொருந்துகிறது. பல ஆண்டுகளாகப் பயிற்சியாளர்கள் சொல்லிவருவதும் இதுதான். நான் பார்த்த அளவில் அது சரி.

மக்காரே அதற்குச் சாட்சி. அவர் மெடிசின் ஹாட்டுக்குப் போகாமல், அதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் முன்னால் இருக்கும் புரூக்ஸ் என்ற சிற்றூரின் அணியில் ஆடினார். அது ஜூனியர் ஏ, ஒரு படி கீழே உள்ள லீக். அங்கே ஆடினால் கல்லூரித் தகுதி போகாது. உடல் வளர்ந்தது. 2017 என்.எச்.எல். டிராஃப்டில் கொலராடோ அவரை நான்காவதாக எடுத்தது. அப்போதும் அவர் அவசரப்படவில்லை. முந்தைய சீசனில் ஐந்தே ஐந்து வெற்றி பெற்றிருந்த மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆடினார். 2019இல் அந்த அணி தேசிய இறுதிக்கு வந்தது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருதும் அவருக்கே. இறுதி ஆட்டத்தில் தோற்ற இரண்டாம் நாள் கொலராடோவுக்காக பிளே ஆஃபில் முதன்முறையாகக் களமிறங்கி கோலும் அடித்தார். 2022இல் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளே ஆஃபின் மிகச்சிறந்த ஆட்டக்காரரும் அவரே. 15 வயதில் மேற்கு லீகின் அடிதடிக்குள் தள்ளப்பட்டிருந்தால் இப்படி ஒரு தடுப்பாட்டக்காரர் உருவாகியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படியானால் பழைய விதியில் என்ன தவறு? எந்த வயதில் முடிவெடுக்கச் சொன்னது என்பதில்தான் தவறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., மேஜர் ஜூனியர் அணிகளைத் தொழில்முறை அணிகளாகவே கருதியது. என்.எச்.எல். ஒப்பந்தம் போட்ட இளைஞர்கள் அங்கே ஆடுகிறார்கள், வாரந்தோறும் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது காரணம். ஆகவே அந்தச் சீருடையில் ஒருமுறை இறங்கினாலே கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது. 2022இல் ஒன்டாரியோவைச் சேர்ந்த 16 வயதுப் பையன் ஒருவன் விண்ட்சர் அணிக்காக, லீக் கணக்கில் சேராத இரண்டே காட்சி ஆட்டங்களில் இறங்கினான். வாழ்நாள் தகுதி போயிற்று. 2024 ஆகஸ்டில் பஃபலோவிலுள்ள நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு அவனுடையது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு மன்றம் இறங்கிவந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் மேஜர் ஜூனியர் ஆட்டக்காரர்கள், அவசியச் செலவுக்கு மேல் பணம் பெறாதவரை, கல்லூரியில் ஆடலாம்.

தாடி முளைக்காத பையனிடம் தன் உடல் எப்போது வளரும் என்பதை ஊகித்துச் சொல், தவறாகச் சொன்னால் திரும்பி வர முடியாது என்று கேட்ட விதி அது. அது போனதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது பெரிய பெயர்களை அடுக்கிவைத்து எந்தப் பாதை உயர்ந்தது என்று வாதாடுவோரைப் பார்க்கிறேன். ஒரு பக்கம் மேஜர் ஜூனியரில் ஆடி வந்த என்.எச்.எல். நட்சத்திரங்கள் கிராஸ்பி, மெக்டேவிட், பெடார்ட். 2025 டிராஃப்டின் முதல் ஐவரில் நால்வர் மேஜர் ஜூனியர், முதலிடம் பெற்ற மேத்யூ ஷேஃபர் ஈரி ஓட்டர்ஸ் அணி. மறுபக்கம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓவன் பவர் 2021இல் முதலிடம், போஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாக்லின் செலப்ரினி 2024இல் முதலிடம். செலப்ரினி 17 வயதில், 38 ஆட்டத்தில் 64 புள்ளியோடு ஹோபி பேக்கர் விருதை வென்றார். இந்தப் பட்டியல் எதையும் நிரூபிக்காது. மெக்டேவிட்டைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தாலும் அவர் மெக்டேவிட்தான். பாதையின் தரம் தெரிவது நட்சத்திரத்துக்கு அடுத்த வரிசையில், 18 வயதில் அரைகுறையாக வளர்ந்து நிற்கும் ஆட்டக்காரனிடம்.

அவனுக்கு மேஜர் ஜூனியரில் நெடுநாளாக ஒரு முட்டுச்சந்து இருந்தது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட 18, 19 வயது ஜூனியர் ஆட்டக்காரன் என்.எச்.எல்.லுக்குத் தயாராகவில்லை என்றால் ஜூனியருக்கே திரும்ப வேண்டும். இடையில் இருக்கும் ஏ.எச்.எல். என்ற இரண்டாம்நிலைத் தொழில்முறை லீகில் ஆட அனுமதி இல்லை. விளைவு, பையன் தன்னைவிட மூன்று வயது சிறியவர்களுக்கு எதிராக நூறு புள்ளி குவிப்பான். கெட்ட பழக்கங்களும் கூடவே வளரும். பக் என்னும் வட்டை நீண்ட நேரம் வைத்திருப்பான், ஏனென்றால் அதைப் பிடுங்க ஆள் இல்லை. தற்காப்புக்குத் திரும்பி ஓடமாட்டான், ஏனென்றால் ஓடாமலேயே வெல்லலாம். 129 புள்ளி எடுத்த மெக்கென்னாவுக்கு இன்னொரு சீசன் மெடிசின் ஹாட் கற்றுத்தர என்ன மிச்சமிருந்தது? கல்லூரியில் 23 வயதுத் தடுப்பாட்டக்காரன் பலகையோரம் வைத்து நசுக்கும்போது யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதியாகும். அதற்காகத்தான் போகவேண்டும். ஏற்கெனவே டிராஃப்டில் எடுக்கப்பட்ட கேடன் லிண்ட்ஸ்ட்ராமும் போர்ட்டர் மார்ட்டோனும் ஜூனியரை விட்டு மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனதும் இதே கணக்கில்தான். 2026 செப்டம்பரில் தொடங்கும் என்.எச்.எல். தொழிலாளர் ஒப்பந்தம், ஒவ்வோர் அணியும் 19 வயது ஜூனியர் ஆட்டக்காரர் ஒருவரை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பலாம் என்கிறது. முட்டுச்சந்தின் சுவர் இரண்டு பக்கமும் உடைகிறது.

பணத்தையும் பேசவேண்டும். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். மெக்கென்னாவுக்குப் பல லட்சம் டாலர் கிடைக்கும் என்று செய்திகள் வந்தன. பென் ஸ்டேட்டின் அரங்கம், டெரி பெகுலா என்ற செல்வந்தர் குடும்பம் தந்த 10 கோடி டாலருக்கு மேற்பட்ட நன்கொடையில் எழுந்தது, 2013இல் திறக்கப்பட்டது. ஜூனியர் அணிகளோ குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தங்கள் பழைய ஆட்டக்காரர்கள் 2014இல் தொடுத்த வழக்கை 2020இல் 3 கோடி கனடிய டாலருக்கு முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டவை. இந்தப் போட்டியில் அவை வெல்ல வழியில்லை. ஜூனியரின் கையில் இருக்கும் நல்ல சீட்டு கல்விப் பொதி, அதாவது ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஓராண்டுக் கல்விக் கட்டணம். பெற்றோர் அதன் நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்கவேண்டும். காலக்கெடு உண்டு, தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அது போய்விடவும் கூடும்.

படிப்பு என்றதும் கென் டிரைடன் நினைவுக்கு வருகிறார். 2025 செப்டம்பரில் அவர் மறைந்தார். மொன்ட்ரியல் அணி அவரைப் பீட்டர்பரோவில் ஜூனியர் ஆடவைக்க நினைத்தபோது அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனார். அங்கே 1967இல் தேசியப் பட்டம். பிறகு மொன்ட்ரியலின் கோல்காப்பாளராக ஆறு ஸ்டான்லி கோப்பை, இடையில் மெக்கில்லில் சட்டப் பட்டம். கல்லூரிப் பாதையை விரும்பும் எல்லாரும் அவரைக் காட்டுவார்கள். ஆனால் செலப்ரினி இருந்தது ஓராண்டு, மக்கார் இரண்டு. பெரிய நட்சத்திரங்கள் இன்று பட்டம் வாங்கக் காத்திருப்பதில்லை. பட்டத்தோடு வெளியே வருபவன் நான்காம் வரிசை ஆட்டக்காரன். கல்லூரி ஹாக்கியின் உண்மையான பயனாளி அவன்தான்.

அவனுடைய இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. முதல் பிரிவில் ஆண்கள் அணிகள் அறுபதைச் சற்றே தாண்டும். ஓர் அணிக்கு 26 பேர் என்று வைத்தால் மொத்தம் சுமார் 1,600 இடம். ஒன்டாரியோவிலும் மேற்கிலும் நான்கு சீசன் ஆடித் தேர்ந்த 20 வயதுக்காரர்கள் வந்து நிற்கும்போது பயிற்சியாளர் அவர்களையே எடுப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. வெளியே நிறுத்தப்படுபவன், ஜூனியர் ஏ அணியில் தன் முறைக்காகக் காத்திருக்கும் தாமத வளர்ச்சிக்காரன். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன மார்ட்டின் சென்ட் லூயிஸ் அப்படிப்பட்டவர். எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. 2004இல் என்.எச்.எல்.லில் அதிகப் புள்ளியும் அவருடையது, கோப்பையும் அவருடையது.

இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருக்கும் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில், வாக்ஸர்ஸ் என்ற ஜூனியர் ஏ அணிக்கு 1980களின் தொடக்கத்தில் ஆடினார் ஆடம் ஓட்ஸ். அவரையும் யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. 20 வயதில் நியூயார்க் மாநிலத்தின் ரென்சலியர் பாலிடெக்னிக்கில் ஓர் இடம் கிடைத்தது. 1985இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது, ஓட்ஸ் அதன்பின் என்.எச்.எல்.லில் 1,079 கோல் உதவிகள் செய்து புகழ் அரங்கில் இடம்பெற்றார். அதே மார்க்கத்தில் இன்று 20 வயதில் ஜூனியர் ஏ ஆடும் ஒருவனுக்கு ரென்சலியர் பயிற்சியாளரின் தொலைபேசி அழைப்பு வருமா? அந்த ஓர் இடத்தைக் கேட்டு, ஒன்டாரியோ லீகில் 250 ஆட்டம் ஆடிய இன்னொருவன் அவனுக்கு முன்னால் நிற்கிறான்.