கையெழுத்து இல்லாத தலைமை

2020-ஐச் செவிலியர் ஆண்டாகக் கொண்டாடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் முடிவெடுத்தபோது கோவிட் என்றொரு நோயே இல்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைவதற்காகச் செய்த ஏற்பாடு அது. விழா ஆண்டு பெருந்தொற்று ஆண்டாகிவிட்டது. அந்த ஏப்ரல் 7-ஆம் தேதி அந்நிறுவனம் வெளியிட்ட உலகச் செவிலியர் நிலை அறிக்கை, உலகில் சுமார் 2.79 கோடிச் செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 59 லட்சம் பேர் தேவை என்றது. படிப்பு, வேலை, தலைமை ஆகிய மூன்றிலும் பணம் போடுங்கள் என்று அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

முதல் இரண்டைப் பற்றிச் சண்டையில்லை. மூன்றாவதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். மூன்றில் மலிவாகக் கொடுத்துக் கணக்கு காட்ட வசதியானது அதுதான். ஐந்து நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் ஃபோட்டோ, முடிந்தது.

நைட்டிங்கேல் கதையையே எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகம் நமக்குக் கொடுத்தது கைவிளக்கேந்திய காரிகையை. 1854 நவம்பரில் 38 செவிலியரோடு கிரிமியப் போர்க்கால ராணுவ மருத்துவமனை இருந்த ஸ்குட்டாரியில் போய் இறங்கியவரிடம் விளக்கைவிடக் கனமான இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ‘தி டைம்ஸ்’ நாளேடு திரட்டிய நிதி. இன்னொன்று, அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டுக்கு நேரே கடிதம் எழுதும் உரிமை. ராணுவக் கிடங்கு சட்டையும் துடைப்பமும் தர மறுத்தால் அவரே வாங்கிக்கொள்ள முடிந்தது. இருந்தும் 1855 பிப்ரவரியில் அங்கே இறப்பு விகிதம் 42 சதவீதத்தைத் தொட்டது. கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் அதைக் கழுவிவிட்டு, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பிறகுதான் எண் இறங்கியது. ஜூனில் சுமார் 2 சதவீதம். அன்பு, ஒழுங்கு, கைப்பணம், அமைச்சரின் ஆதரவு எல்லாம் இருந்தும், சாக்கடை மேல் அதிகாரம் இல்லாத தலைமை அந்தக் குளிர்காலத்தில் தோற்றது. நாடு திரும்பிய பின் கணக்கைப் பிரித்துப் பார்த்து அதை உணர்ந்தவரும் அவரே. நான் அவரை மதிப்பது அந்தக் கணக்குக்காக.

மறுதரப்புக்கும் காது கொடுக்க வேண்டும். தலைமைக்குச் செலவழிக்கும் காசில் இன்னும் நாலு ஸ்டாஃப் நர்ஸ் போடலாமே என்பார்கள். வலுவான வாதம். லிண்டா எய்கன் குழு 9 ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, ஒரு செவிலியர் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுவது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுவதோடு தொடர்புடையது என்று காட்டியது. தலைமைப் பயிற்சியால் இத்தனை உயிர் பிழைத்தது என்று அந்த அளவு உறுதியோடு காட்டும் ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. ஆள் எண்ணிக்கைதான் முதல். ஆனால் ஆள் போதாது, இந்தக் கட்டில்களை இப்போது திறக்காதீர்கள் என்று யார் சொல்வது, சொன்னால் யார் கேட்பது? தலைமை என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இவ்வளவுதான்.

லண்டனில் 2020 வசந்தத்தில் எக்ஸெல் கண்காட்சிக் கூடத்தைச் சில நாட்களில் மருத்துவமனையாக்கி, நைட்டிங்கேல் பெயரையே வைத்தார்கள். 4,000 கட்டில் வரை போடலாம் என்றார்கள். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் சில டஜன் பேர்தான். நகரின் மற்ற மருத்துவமனைகள் தங்கள் ஐசியூவை விரித்துச் சமாளித்தது ஒரு காரணம். தேர்ந்த ஐசியூ செவிலியர் கிடைக்காதது இன்னொன்று. கட்டிலை லாரியில் ஏற்றிவரலாம். ஐசியூ நர்ஸை எந்த லாரியில் ஏற்றுவது?

அதே ஆண்டு இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரி ரூத் மே, பிரதமர் அலுவலகச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றிலிருந்து தாம் விலக்கப்பட்டதை நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். ஊரடங்கு விதியை மீறியதாகப் புகாருக்குள்ளான பிரதமரின் ஆலோசகரை ஒத்திகையில் ஆதரித்துப் பேசாததே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. காரணம் தமக்குத் தெரியாது என்றார் அவர். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும் சொன்னார். பதவி இருந்தது, நாற்காலி மட்டும் அன்றைக்கு இல்லை.

நம் பக்கம் நாற்காலி வரைகூட வரவில்லை. 2021 மே, இரண்டாம் அலை. எனக்குத் தெரிந்த ஓர் அரசு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் டூட்டி லிஸ்ட்டைப் பென்சிலால்தான் போடுவார். காலையில் எழுதியது சாயங்காலம் வரை நிற்காது. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டோடு தனிமை. அழித்து அழித்துத் தாள் கிழிந்த இடத்தில் செல்லோடேப். எந்தக் கட்டிலருகே ஆக்சிஜன் ஃப்ளோமீட்டர் கசிகிறது, யார் தொடர்ந்து மூன்று நைட் பார்த்துவிட்டார்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கூடுதலாக இருபது கட்டில் போட முடிவெடுத்த கூட்டத்துக்கு மட்டும் அவருக்கு அழைப்பில்லை. கட்டில் வந்து இறங்கும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

ஆக, என் முடிவு இது: பயிற்சி வகுப்பாக வரும் ‘தலைமை முதலீடு’ நெருக்கடியில் பெரும்பாலும் வீண்செலவு. டூட்டி லிஸ்ட்டிலும், பொருள் கேட்கும் இன்டென்ட்டிலும், கட்டில் எண்ணிக்கையிலும் கடைசிக் கையெழுத்தில் பங்கு, முடிவெடுக்கும் மேசையில் ஓரிடம், நிரந்தர வேலை என்று வந்தால் அது ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும். நிரந்தர வேலையை வேண்டுமென்றேதான் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். கோவிட் காலத்தில் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியரில் 2,300-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. மாற்று வேலை தருகிறோம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். இரண்டு அலைகளை வார்டில் நின்று கற்றவர்கள், புத்தாண்டு அன்று காலை எந்த டூட்டி லிஸ்ட்டிலும் இல்லை.